சிவக்காத கண்

வரட்டும் அந்த ஆள் என்று அவள் காத்திருந்தாள்.

மகளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

கபடி ஆடும்போது எதிரணிப் பெண்ணின் முழங்கை இலக்கியாவின் இடது கண்ணுக்குக் கீழே இடித்து இன்றோடு பத்து நாள்.

வீக்கம் இல்லை. ரத்தம் இல்லை. கண் வெள்ளை வெளேர் என்றுதான் இருந்தது. மேலே பார்த்தால் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். குமட்டுகிறது என்றாள். வாந்தியும் எடுத்தாள்.

பதின்மூன்று வயது. பயிற்சிக்கு டிமிக்கி கொடுக்க என்னதான் செய்யாது.

ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தாள்.

டாக்டர் இன்று காலையில்தான் விளக்கினார். பிள்ளைகளின் எலும்பு இளசு. கண்குழியின் அடித்தட்டு விரிசல் விட்டுத் திறந்து, உடனே மூடிக்கொள்ளும், எலிப்பொறி மாதிரி. கண்ணை அசைக்கும் தசை அந்த இடுக்கில் மாட்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு வீக்கம் வடியும்வரை பொறுக்கலாம். பிள்ளைகளுக்கு இரண்டே நாள்தான். கண் சிவக்காமல் இருப்பதுதான் எல்லோரையும் ஏமாற்றிவிடும்.

கீழிமைக்கு உட்புறமாகக் கீறுவோம், தழும்பு வெளியே தெரியாது என்றார். ஆனால் தசை செத்திருந்தால் அந்தக் கண் இனி மேலே ஏறாது என்றார்.

மேலே ஏறாது.

கபடி சொல்லித்தர வந்தவர் பிள்ளையைக் கவனிக்க வேண்டாமா? கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

பி.டி. சார் ஜெயசீலன் கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு படியேறி வந்தார்.

அவள் எழுவதற்குள் கணவன் எழுந்துவிட்டான். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாசிக் வரை போய் நேற்றுத்தான் திரும்பியவன். சாரின் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தான். ரெண்டாம் நாளே டாக்டரிடம் காட்டணும் என்று உனக்குத் தோணவில்லையா என்று கேட்டான்.

சார் அவளை ஒரே ஒரு முறை பார்த்தார்.

"தப்புதான்," என்றார்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் அவர் போன் செய்திருந்தார். வண்டி கொண்டுவருகிறேன், மதுரைக்கே கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்றார். கண் சிவக்கக்கூட இல்லை சார், நடிக்கிறாள், நீங்கள் வேறு இடம் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அவள்தான் போனை வைத்தாள்.

அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே இந்த மனுஷன். சொல்லியிருந்தால் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பாள். கத்தித் தீர்த்திருப்பாள்.

அந்த நிமிடம் உலகத்திலேயே அவள் அதிகம் வெறுத்தது அவரைத்தான்.

கணவன் கையை ஓங்கினான்.

"சட்டைய விடுங்க," என்றாள். "அன்னிக்கே அவரு போன் பண்ணுனாரு. நாந்தான் வேணாம்னேன்."

ஓங்கிய கையோடு அவன் அவள் பக்கம் திரும்பினான்.