எதிர்வீட்டுக் கடன்துணை

“கடனைக் கட்ட வக்கில்லை, வாசல்ல நின்னு என்னடி சிரிப்பு?” என்று அஞ்சுகம் கத்தினாள்.

“கிரெடிட் ஸ்கோர் எண்ணூறு வச்சிருக்கீங்கல்ல அக்கா, அதைக் கட்டிப்பிடிச்சுத் தூங்குங்க!” என்று எதிர்வீட்டுத் திலோத்தமையும் விடவில்லை.

நான்காவது மாடியே கதவைத் திறந்து வைத்துக் கேட்டது.

கிரெடிட் கார்டு பாக்கியில் ஸ்கோர் சரிந்தவர்களுக்கு வங்கி ஒரு கடன்துணையை அனுப்பும். கடன் தீரும்வரை அவர் தினமும் வந்து செலவுக்குக் காரணம் கேட்பார், கடைக்கும் கூடவே போவார். திலோத்தமைக்கு வாய்த்தவர் இளம்பரிதி. “இந்தப் புடவை எதுக்குங்க? சொல்லுங்க, கேக்குறேன்” என்று அவர் பொறுமையாக உட்காருவதைப் பார்த்துத்தான் அஞ்சுகத்துக்கு வயிறு எரிந்தது. அவளுடைய கணவர் வேதமூர்த்தி இருபது வருடமாக எதையுமே கேட்டதில்லை.

அன்றே அஞ்சுகம் கார்டை எடுத்தாள். மூன்று மிக்சி, ஓர் ஊஞ்சல், ஆளுயரக் கண்ணாடி. தவணை ஒன்றுகூடக் கட்டவில்லை. மூன்றே மாதத்தில் ஸ்கோர் விழுந்தது. முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வந்து நின்றது தேன்மொழி என்ற பெண்.

“சார், அம்மா இவ்வளவு வாங்கியிருக்காங்க, நீங்க ஒண்ணும் சொல்லலையா?” என்றாள் வேதமூர்த்தியிடம்.

“என்கிட்ட யாரும்மா கேட்டாங்க?” என்று ஆரம்பித்த மனுஷர் பொழுது சாயும்வரை பேசினார். மறுநாளும் பேசினார். அஞ்சுகம் காபி போட்டுக் கொடுத்தாள்.

தை மாதம் திலோத்தமையின் கடன் தீர்ந்தது. இளம்பரிதியைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போனாள். பங்குனியில் தேன்மொழி வேலையை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போனாள், வேதமூர்த்தியோடு. அஞ்சுகத்துக்கு வங்கி வேறு துணை அனுப்பியிருக்கிறது. வயது எழுபது, காது கொஞ்சம் மந்தம்.