பக்கத்துக் கதிரை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்த சந்தோஷக் கதை ஒன்று சொல்கிறேன்.

மண்சரிவில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களைப் படமெடுக்க, விஜிதா என்ற யாழ்ப்பாணத்துப் பெண், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்கு வந்தாள். அங்கே குடியிருந்த விஜயலெட்சுமிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஆறு வயது மகள் ரோஷினியை மண் மூடியபோது, அவளுடைய படங்களும் சேர்ந்தே போய்விட்டன. இப்போது அந்த முகமே மறந்துகொண்டு வந்தது.

“படத்துல எம் மகளும் இருக்கணும் தங்கச்சி” என்று பக்கத்தில் ஒரு வெற்றுக் கதிரையைப் போட்டாள்.

“சரி அக்கா. கதிரையைப் பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ.”

மறுவாரம் விஜிதா படத்தைக் கொண்டுவந்தாள். “நான் ஒண்டும் சேர்க்கேல்லை அக்கா” என்று சொல்லித்தான் கொடுத்தாள். கதிரையில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

விஜயலெட்சுமி படத்தோடு லயம் முழுக்க ஓடினாள். “பாருங்கடி, எம் புள்ள எம்புட்டு வளந்துட்டா! சட்டைதான் இறுக்கமா இருக்கு!”

“பொட்டு வச்சு மாலை போடு அக்கா” என்றாள் பக்கத்து வீட்டு சிவசக்தி.

“போடி கூறுகெட்டவளே! வளர்ற புள்ளைக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?”

அன்றே பதுளைக்கு பஸ் ஏறி, மகள் அளவுக்கு ஒரு மஞ்சள் சட்டை வாங்கிவந்து வீட்டுக்குள்ளே மடித்து வைத்தாள். மறுநாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். பின்னேரம் திரும்பியபோது பூட்டு அப்படியே இருந்தது. வாசல் கொடியில் அந்த மஞ்சள் சட்டை, துவைத்துப் போட்டபடி சொட்டிக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டுக் கொடியிலும் ஒருவர் துணியும் குறையாமல் காயட்டும், கண்ணுகளா.