பரம்புப் பந்தயம்

கர்ணனின் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. பலகைமேல் நின்றவன் மெல்லக் குனிந்து பார்த்தான். கணுக்கால் அளவு தண்ணீர், அதற்குக் கீழே முழங்கால் அளவு சேறு.

"ஏலே, நடுங்குறது மாடா, காலா?" என்று பக்கத்துப் பலகையிலிருந்து கேட்டான் தேவாரம் ஊர்க்காரன் பால்பாண்டி. வரப்பில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது.

1938ஆம் வருடம், ஆனி மாதம். பெரியாற்றுத் தண்ணீர் வந்து சின்னமனூர்ப் பக்கத்து வயல்களெல்லாம் நிறைந்திருந்தன. உழுது நீர் கட்டிய வயலில் மாடுகள் இழுத்துக்கொண்டு ஓட, சேறு நிரவும் பரம்புப் பலகைமேல் நின்றபடியே அந்தக் கரை சேர வேண்டும், அதுதான் பந்தயம். பரிசு, தேனிச் சந்தையில் வாங்கிய புதுக் குடை.

குடைக்கு ஆசைப்பட்டுக் கர்ணன் கோம்பையிலிருந்து மாடு ஓட்டி வரவில்லை. தன் வயலிலேயே பந்தயம் வைத்திருந்த வீரபாண்டி அவனுக்குத் தாய்மாமன். அவர் மகள் மலையம்மாள் முறைப்பெண்.

போன வருடம் வேறோர் ஊர்ப் பந்தயத்தில் அவள் கண்ணெதிரே குப்புற விழுந்து சேறு தின்றவன் கர்ணன். கம்பும் சோளமும் விளைகிற காட்டில் நடந்த காலுக்குச் சேறு என்ன தெரியும்? அந்த வெட்கத்தில் ஒரு வருடமாக மாமன் ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"மொதல்ல பலகையில நிக்கட்டும். அப்புறம் பொண்ணு கேட்டு வரட்டும்" என்று மாமா சொல்லியனுப்பிவிட்டார். இப்போது ஒரு காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, வரப்பில் நடுவராக உட்கார்ந்திருந்தார்.

"ஏலே கர்ணா, தயாரா?" என்றார்.

தலையை ஆட்டினான். மலையம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்போடு ஓடிவந்தாள்.

"கீழ பாக்காதீக மச்சான்! மாட்டுத் திமிலப் பாருங்க. குதிகால நல்லா அமுத்தி நில்லுங்க!"

சொன்னாளே தவிர, அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை, பலகையிலேயே இருந்தது. கால் நடுங்குவதைப் பார்த்துவிட்டாளே என்று கர்ணனுக்குப் பாதி உயிர் போயிற்று.

மாமா துண்டை வீச, நான்கு ஜோடி மாடுகளும் பாய்ந்தன. பாதி வயலில் கர்ணனின் நினைப்பு போன வருடத்துக்குப் போனது. மறுகணம் ஆளும் சேற்றுக்குப் போனான்.

"செயிச்சாச்சு! குடையக் குடுங்க" என்று கரையேறினான் பால்பாண்டி.

"இது செல்லாது!" என்று குறுக்கே கை நீட்டினாள் மலையம்மாள். "நடுவுல ஒரு நாய் பூந்துருச்சு. நான் பார்த்தேன்."

"நாயா? எங்கன? என் கண்ணுக்குத் தெரியலயே!"

"எப்பிடித் தெரியும்? கோம்பை நாயி. அம்புட்டு வேகம்." அவள் சிரிக்கவே இல்லை. "மறுக்கா ஓடணும். இந்தப் பக்கம் போதும், மேற்கால ஓடுங்க."

கண்ணிலிருந்த சேற்றைத் துடைத்தபடி கர்ணன் அவளையே பார்த்தான். எனக்காக இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே என்று நினைத்தபடியே மறுபடி பலகையில் ஏறினான்.

இரண்டாவது சுற்றில் விழவில்லை. ஆனால் கூனன் மாதிரி வளைந்து நின்று, பால்பாண்டிக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தான்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்தாக" என்று சாதித்தாள் மலையம்மாள்.

"ஒரு கெசம் முந்தி வந்தேன், தாயி!"

"அப்ப இன்னொருக்கா முந்திக் காட்டுறதுல என்னண்ணே கஷ்டம்? அந்தா, வடக்கு மூலையில மேடு இருக்குல்ல, அது மேல ஓடுங்க. தேவாரத்துக்காரவுகளுக்கு முடியாதுன்னா வேணாம்."

பால்பாண்டிக்கு மீசை துடித்தது. "மேடென்ன, மலை மேலயே ஓடுறேன். கட்டுங்கடா மாட்ட!"

மூன்றாம் முறை பலகையில் ஏறியபோது கர்ணனுக்கு ஓர் எண்ணம் வந்தது. விழுந்தால்தான் என்ன? எனக்காக இரண்டு பொய் சொன்னவளுக்கு மூன்றாவது பொய் கிடைக்காமலா போகும்? அவ்வளவுதான், முழங்கால்கள் பேச்சை நிறுத்திவிட்டன.

துண்டு விழுந்தது. திமிலைப் பார்த்தான், குதிகாலை அமுத்தினான். மேட்டில் பால்பாண்டியின் பலகை ஒருபக்கம் தூக்க, அவன் கையையும் காலையும் வீசிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான். கர்ணன் மேட்டை அப்படியே வழித்துக்கொண்டு நேராகக் கரையில் போய் நின்றான்.

"நின்னுட்டாருய்யா மாப்ள!" என்று குடையை விரித்து ஆட்டினார் வீரபாண்டி. அதுவரை ஏலே போட்டவர் வாயிலிருந்து மாப்ள என்று வந்ததும், கர்ணனுக்கு வானத்துக்கும் பூமிக்கும் குதிக்க வேண்டும்போல இருந்தது.

குடையை வாங்கக்கூட நிற்காமல் சேற்றை அளைந்துகொண்டு மலையம்மாளிடம் போனான்.

"பார்த்தியா புள்ள?"

"பார்த்தேன் மச்சான். மனசு நெறஞ்சுபோச்சு." உண்மையிலேயே அவள் கண் கலங்கியிருந்தது. "நாளைக்கே அயித்தையக் கூட்டிட்டு வந்துருங்க. ஒங்க அக்கா தங்கச்சிகளும் வரட்டும்."

கர்ணனுக்குக் காது வரை சிவந்தது. "நாளைக்கேவா? இம்புட்டு அவசரமா?"

"பின்ன? அப்பாவுக்கு அடிபட்டதுலருந்து கூலிக்குக் கூப்புட்டுப் பார்த்தோம், ஒரு ஆளு வரல. பந்தயம்னதும் நாலு சோடி மாடு வந்து மூணே சுத்துல வயலச் சமமாக்கிருச்சு" என்றவள், வரப்பில் இருந்த கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"நாளைக்கு நடவுப் பந்தயம்!"