கறுப்புத் துணி

பனியன் கம்பெனிப் பெண்கள் அத்தனை பேர் கையிலும் தோலுக்கடியில் மாதவிலக்கை நிறுத்தும் மருந்துக்குச்சியைப் பொருத்திய பிறகு, திருப்பூர்க் கடைகளில் நாப்கின் விற்பதே நின்றுபோனது. கவின்மொழிக்கோ இரண்டு வாரமாக உதிரப்போக்கு நிற்கவில்லை.

"அக்கா, இன்னும் போய்ட்டேதான் இருக்குதுங்க. தலை சுத்துது."

சூப்பர்வைசர் மகேசுவரி அவள் கையில் மருந்துக்குச்சியைச் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. உனக்கு வரவே வராது. போய்த் தையி."

கவின்மொழி மூலையில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலைக் கிளறினாள். வெள்ளைத் துணிதான் மிஞ்சியிருந்தது. காலையில் வெட்டிய கறுப்புப் பனியன் துணியில் ஒரு துண்டுகூட இல்லை.

பின்னாலேயே வந்த மகேசுவரி, தனக்கென்று இடுப்பில் செருகியிருந்த கறுப்புத் துணியை எடுத்து நீட்டினாள்.

"வெள்ளை வேண்டாம் கண்ணு. காட்டிக் குடுத்துரும்."