அம்புலன்ஸ் சாவி

"கழகத்தில சேர்ந்தா என்ன நன்மை எண்டு கேக்காம வந்த முதல் ஆள் நீதான் தம்பி," என்றார் சமூக சேவைக் கழகத் தலைவர் முபாறக் ஹாஜியார்.

"நன்மை எனக்கு முன்னமே கிடைச்சிட்டு ஹாஜியார். என்ட மகள் பிறந்ததே உங்கட அம்புலன்ஸிலதான்."

ஹாஜியாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆனாலும் குரலை இறுக்கிக்கொண்டார்.

"சம்பளம் இல்ல. சோத்துக் கோப்பையில கை வச்சிருந்தாலும், போன் கோல் வந்தா எழும்பி ஓடணும். பெருநாளைக்கும்தான்."

"ஓம், ஓடுவன்."

செயலாளர் சிப்னாஸ் குறுக்கிட்டான். "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் ஒரு பொம்பிளைக்கு நெஞ்சுவலி. சாரதிமார் எல்லாரும் பள்ளிக்குள்ள. போனெல்லாம் சைலண்ட்ல. கடைசியில அவவ ஓட்டோவிலதான் கொண்டுபோனாங்க. அல்லாஹ் காப்பாத்தினான்."

"கேள்விப்பட்டன். அதாலதான் வந்தன். இனி ஜும்ஆ நேரமும் பெருநாள் தொழுகை நேரமும் சாவி என்ட கையில இருக்கட்டும். நீங்க நிம்மதியாத் தொழுங்க."

ஹாஜியார் சாவியை எடுத்து நீட்டினார்.

வாங்கியவன் தயங்கினான். "ஒரேயொரு நாள் மட்டும் லீவு வேணும் ஹாஜியார்."

"பாத்தீங்களா!" என்று சிரித்தான் சிப்னாஸ்.

"எண்டைக்கு?" என்றார் ஹாஜியார்.

"ஆடி அமாவாசைக்கு. வீட்டாக்களோட திருக்கோவில் கடல் தீர்த்தத்துக்குப் போகணும்."

சிப்னாஸின் சிரிப்பு நின்றுவிட்டது. ஹாஜியார் எழுந்து வந்து கழகத்து டீ-சேர்ட்டை அவன் தோளில் போட்டார்.

"போயிட்டு வா நிதர்சன். தீர்த்தத்துக்கு வாற சனத்திலயும் யாருக்கும் சுகமில்லாமப் போகலாம்தானே? அண்டைக்குக் கடக்கரையில வண்டியோட நான் நிப்பன்."