மாதையன் கொண்டுபோன கேட்ரிட்ஜ்

“அதையும் அவரோடவே பொதைச்சுட்டோங்க சார்” என்றாள் மாதையன் மனைவி அமுதவல்லி.

மேலாளர் சிவக்குமாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னம்மா சொல்ற? அது ஆபீஸ் பொருள்!”

“எங்களுக்கு என்ன தெரியுமுங்க? தெனமும் வூட்டுக்குக் கொண்டாந்து பத்திரமா வெப்பாரு. செத்த அன்னிக்கும் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. ஆசையா வெச்சிருந்த பொருளாச்சேன்னு நெஞ்சு மேல வெச்சு மூடிட்டோம்.”

உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா அது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலையில் யூனிக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டவன் மாதையன். அன்றன்றைய பதிவுகளை ஒரு கேட்ரிட்ஜில் நகல் எடுத்து, ஆலையே தீப்பற்றினாலும் நகல் பிழைக்கட்டும் என்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோவான். போன வாரம் அப்படிக் கிளம்பும்போதுதான் குளிர்பதனக் கிடங்கை ஒருமுறை எட்டிப் பார்த்தான். அம்மோனியா கசிந்து, மூச்சடைத்து, அங்கேயே செத்துப்போனான்.

அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று விசாரணையில் கேட்டார்கள். “பழுதாகிக் கிடந்தது” என்றார் சிவக்குமார். சும்மா சும்மா அலறித் தொல்லை தருகிறதென்று அன்று மத்தியானம் அதை நிறுத்தியவரே அவர்தான். நிறுத்தியது யார், எத்தனை மணிக்கு என்று சர்வரில் விழுந்திருந்த பதிவை மறுநாளே அழித்துவிட்டார். ஆனால் நகல்? அது வெளியே வந்தால் ஜெயில். திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக, வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை.

“சர்வர் படுத்துடுச்சும்மா. அந்த டப்பா கெடைச்சாத்தான் ஆலையே ஓடும்” என்று கெஞ்சினார்.

அமுதவல்லி கொழுந்தன் மாதுவைப் பார்த்தாள். அவன் மெல்லத் தலையாட்டினான்.

“சரி, தோண்டிக்குங்க. ஆனா பொதைச்ச கை திரும்பத் தோண்டக் கூடாதுங்க. கூலிக்காரனும் தொடக் கூடாது. நீங்களே எறங்கோணும். யாருகிட்டயும் மூச்சு விட்றாதீங்க, ஊரே காறித் துப்பும்.”

“நான் ஏம்மா சொல்லப் போறேன்?”

சொல்லவில்லைதான். வீட்டில்கூட, தருமபுரியில் மீட்டிங் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

மாந்தோப்பின் கடைசியில் மண்மேடு. மேலே வாடிய சாமந்திப் பூக்கள். சித்தேரி மலையின் நிழல் தோப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அமுதவல்லியையும் மாதுவையும் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. சிவக்குமார் மண்வெட்டியை எடுத்தார். பாவம், பேனா பிடித்த கை! முழங்கால் ஆழத்துக்குள்ளேயே கொப்புளம் வந்துவிட்டது.

“மெதுவாங்க சார். தலை அந்தப் பக்கம் இருக்குது” என்றாள் அமுதவல்லி மேலே இருந்து.

சிவக்குமார் பதறி எதிர்ப்பக்கம் நகர்ந்தார்.

“அங்க காலுங்க. மிதிச்சுடாதீங்க.”

அடுத்த வெட்டில் என்ன தட்டுப்படுமோ என்று நடுங்கியபடியே தோண்டினார். இடுப்பளவு போயிற்று. மார்பளவும் போயிற்று. தலை மட்டும் வெளியே தெரிந்தபோது மஞ்சள் துணி ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தார். கேட்ரிட்ஜ்தான்!

“அப்பாடா!” கண்ணில் நீரே வந்துவிட்டது. சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

அப்புறம்தான் காலடியைக் கவனித்தார். நெஞ்சு மேல் வைத்தது என்றால், கீழே நெஞ்சு இருக்க வேண்டுமே? ஒரு வாரமாகியும் துளி நாற்றம் இல்லை. மண்வெட்டியால் குத்திப் பார்த்தார். எவனும் எப்போதும் வெட்டாத கெட்டி மண், ணங்கென்றது.

“என்னம்மா இது… மாதையன் எங்க?”

“அவர அன்னிக்கே சுடுகாட்டுல எரிச்சாச்சுங்க. எங்க சனத்துல பொதைக்கிற வழக்கமே கெடையாது. நீங்க எழவுக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள் அமுதவல்லி. “அலாரத்த நிறுத்துனது நீங்கதான்னு அவரு மத்தியானமே போன்ல சொன்னாரு. நெசந்தானான்னு பாக்கத்தான் டப்பாவ இங்க வெச்சோம்.”

“அப்ப… இந்தக் குழி?”

“யாருக்குன்னு நெனைச்சு வெட்டுனீங்க சார்?” என்று கேட்டபடியே மாது முதல் மண்ணை உள்ளே தள்ளினான்.