கலைமான் மேய்ந்த இடம்

அலாஸ்காவை ஒட்டிய, ஆளில்லாத அந்த அலூஷியன் தீவுக்கு அகுலினாவும் தம்பி நிக்கிஃபோரும் வேட்டைக்கு வந்திருந்தார்கள். ராணுவம் கைவிட்டுப்போன முகாமுக்குப் பின்னால், ஒரு திட்டில் மட்டும் புல் கொழுத்து நின்றது. அதில் ஒரு கலைமான் மேய்ந்தது.

நிக்கிஃபோர் துப்பாக்கியைத் தூக்கினான்.

"சுடாதடா."

"கறின்னா ரெண்டு தட்டு கேப்ப. சுட்டா மட்டும் பாவமாக்கா?"

அகுலினா பூட்ஸைக் கழற்றினாள்.

"புல்லுல நடக்க யாராவது பூட்ஸைக் கழட்டுவாங்களா?"

"சேத்துக் காலோட வந்தா அம்மாவுக்குப் பிடிக்காது."

"அம்மா செத்து எத்தனை வருஷமாச்சு!"

"ராணுவம் நம்ம ஜனங்களை இங்கிருந்து காலி பண்ண வச்சப்ப நீ கைக்குழந்தை, உனக்குத் தெரியாது. மனுஷங்க குடியிருந்த மண்ணுலதான் இங்க புல் இப்படி வளரும். இது நம்ம வீடுடா."

துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு, நிக்கிஃபோர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.